ஏலத்தில் எடுத்த ஜீப்

சுதந்திர இந்தியாவின் முதல் ஊழல் எது என்று கேட்டால் பொது அறிவுப் புத்தகங்கள் 'ஜீப் ஊழல்' என்று ஒற்றை வரியில் விடை சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். நாமும் அதை அரசியல் வரலாறாகவே படித்து மறந்திருக்கிறோம். உண்மையில் அது பழைய வண்டி வாங்கி ஏமாந்த கதை. பட்டறை வாசலில் நின்று பழைய வண்டிக்கு விலை பேசிய எவரும் அதன் ஒவ்வொரு கட்டத்தையும் அடையாளம் கண்டுகொள்வர்.

1948-இல் காஷ்மீரில் போர் நடந்துகொண்டிருந்தது. மலைத்தடங்களில் ஏறக்கூடிய வண்டிகள் படைக்கு உடனடியாகத் தேவைப்பட்டன. லண்டனில் இந்தியத் தூதராயிருந்த வி.கே. கிருஷ்ண மேனன், பழுது பார்க்கப்பட்ட 2000 பழைய ஜீப்புகளுக்கு ஒரு நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்தார். அந்த நிறுவனத்தின் மூலதனம் 605 பவுண்டு. தொகையில் 65 விழுக்காட்டைச் சோதனைச் சான்றிதழ் இன்றியே தரலாம் என்பது ஒப்பந்த விதி. வந்து சேர்ந்தவை 155 வண்டிகள். அவையும் ஓடும் நிலையில் இல்லையென்று படை ஏற்க மறுத்தது. 1955 செப்டம்பரில் உள்துறை அமைச்சர் கோவிந்த வல்லப பந்த் விவகாரம் முடிந்ததாக அறிவித்தார். 1956 பிப்ரவரியில் மேனன் மத்திய அமைச்சரானார். வேலூரை அடுத்த பொய்கை மாட்டுச் சந்தைக்கு வரும் எந்த விவசாயியும் பல்லைப் பிடித்துப் பார்க்காமல் முன்பணம் தரமாட்டார் என்பதை மட்டும் இங்கே சொல்லி வைக்கலாம்.

அப்படி என்ன இருந்தது அந்த வண்டியில்? 1940-இல் அமெரிக்கப் படை 135 நிறுவனங்களிடம் சிறிய வேவு வண்டி ஒன்றைக் கேட்டது. பாண்டம் என்ற சிறு நிறுவனம் 49 நாள் கெடுவுக்குள் முதல் மாதிரியைக் கொண்டுபோய் நிறுத்தியது. ஆனால் பெரும் எண்ணிக்கையில் கட்டும் வேலை வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும் போயிற்று. (கண்டுபிடித்தவர் ஒருவர், சம்பாதித்தவர் வேறொருவர் என்பது இயந்திர வரலாற்றின் பழைய பாட்டுதான்.) போர் முடியும்வரை ஆறு லட்சத்துக்கும் மேல் உருவாயின. நான்கு சிலிண்டர், அறுபது குதிரைத்திறன். முக்கியமான உறுப்பு, கியர் பெட்டியின் பின்னால் இருந்த இன்னொரு பெட்டி. அதுதான் விசையை முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் பிரித்துத் தருகிறது. அதில் தாழ்ந்த விகிதம் ஒன்று உண்டு. அதைப் போட்டுவிட்டால் வண்டி நடைவேகத்தில் செங்குத்தில் ஏறும். அதைவிட முக்கியம், இறங்கும்போது பிரேக்கை எரிக்காமல் எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தும்.

போர் முடிந்ததும் இந்த லட்சக்கணக்கான வண்டிகள் உலகெங்கும் ஏலத்துக்கு வந்தன. வேல்ஸின் ஆங்கிள்சி தீவில் தம் பண்ணைக்கு ஒரு பழைய ஜீப்பை வைத்திருந்தவர் ரோவர் நிறுவனத்தின் பொறியாளர் மாரிஸ் வில்க்ஸ். அந்த ஜீப் ஓய்ந்தால் வேறெதை வாங்குவது என்ற யோசனையில் பிறந்ததே 1948-இன் லேண்ட்ரோவர். அதன் முதல் மாதிரி ஜீப்பின் சட்டத்தின் மீதே கட்டப்பட்டது.

இன்னொருவர் பென் கார்லின். ஆஸ்திரேலியர், இந்தியப் படையில் பொறியாளராகப் பணியாற்றியவர். 1946-இல் வங்காளத்தின் கலைகுண்டா விமானத்தளத்தில், நீரிலும் நிலத்திலும் ஓடும் ஜீப் ஒன்று கிடப்பதைப் பார்த்துவிட்டு, இதிலேயே உலகைச் சுற்றலாம் என்றாராம். பிறகு அமெரிக்காவில் அதே வகை வண்டியொன்றை அரசு ஏலத்தில் எடுத்தார். கூரை கட்டினார், கூடுதல் எரிபொருள் தொட்டிகள் பொருத்தினார். 1950-இல் மனைவியுடன் அட்லாண்டிக்கில் இறங்கினார். பயணம் முடிந்தது 1958-இல். பழைய வண்டியைத் தொலைதூரத்துக்குத் தயார் செய்வதில் இதற்கு மேல் ஒருவர் போக முடியாது.

இந்தியாவில் கதை வேறு பாதையில் நடந்தது. 1945-இல் மஹிந்திரா சகோதரர்களும் மாலிக் குலாம் முகமதுவும் சேர்ந்து இரும்பு வணிகத்துக்காக மஹிந்திரா அண்ட் முகமது என்ற நிறுவனத்தைத் தொடங்கினர். பிரிவினைக்குப் பின் முகமது பாகிஸ்தானின் முதல் நிதியமைச்சராகப் போனார். நிறுவனத்தின் பெயர் 1948-இல் மாறியது. 1947-இல் பிரித்த நிலையில் வில்லிஸிடமிருந்து தருவிக்கப்பட்ட 75 வண்டிகள்தாம் தொடக்கம். அமெரிக்கா 1968-இல் நிறுத்திவிட்ட சிஜே-3பி என்ற மாதிரியை இங்கே அதன் பிறகும் பல பத்தாண்டுகள் கட்டிக்கொண்டிருந்தனர். டீசல் தேவைப்பட்டபோது டிராக்டர் எஞ்சினின் வழிவந்த ஒன்றை வைத்தனர்; பின்னர் பியூஜோவின் டீசல் வந்தது. வேலூருக்கு இந்தப் பெயர் புதிதன்று. டாக்டர் ஐடா ஸ்கடர் சாலையோர மருத்துவத்துக்கு ஊர் ஊராகச் சென்ற முதல் மோட்டார் வண்டியும் 1909 வாக்கில் வந்த ஒரு பியூஜோதான்.

கலவையில் நான்கு சக்கர விசைக்கு வேலை குறைவு. ஏரிப் பாசனமும் நெல்வயலும் கொண்ட சமவெளி அது. 1907-இல் காஞ்சிபுரத்திலிருந்து பன்னிரண்டு வயதுச் சிறுவனொருவன் மடத்து வண்டியில் இங்கு அழைத்து வரப்பட்டு, காமகோடி பீடத்தின் அறுபத்தெட்டாம் ஆச்சாரியராகத் துறவு பூண்டான். அன்று மாட்டுவண்டிக்குப் போதுமாயிருந்த பாதை பின்னர் எந்தக் காருக்கும் போதுமானதாயிற்று. இப்பக்கத்து ஊர்களில் ஜீப் என்றால் அதிகாரம். 1952-இல் தொடங்கிய சமுதாய வளர்ச்சித் திட்டத்தோடு வட்டாரந்தோறும் ஜீப்புகள் வந்தன. யூனிசெஃப் தந்தவை ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்தன. 'ஜீப் வருகிறது' என்றால் யாரோ கணக்குக் கேட்க வருகிறார்கள் என்று பொருள்.

ஆனால் ஆம்பூரையும் வாணியம்பாடியையும் தாண்டித் தெற்கே ஏறினால் ஜவ்வாது மலை. தோல் பதனிடுவதற்கு ஒருகாலத்தில் ஆவாரம் பட்டையோடு கடுக்காயும் வேண்டியிருந்தது. அந்தக் கடுக்காய் விளையும் மலைகளில் இதுவும் ஒன்று. புதூர்நாடு, நெல்லிவாசல், ஜமுனாமரத்தூர் என்று மலையாளிப் பழங்குடியினர் வாழும் ஊர்கள். 1968-இல் காவலூரில் வான் ஆய்வகம் எழுந்தபோது கீழிருந்து அங்கு செல்வதே ஒரு பயணம். சாமையும் புளியும் தேனும் கீழே இறங்கவும், பிரசவ வலி கண்ட பெண்ணை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரவும் இத்தகைய மலைகளுக்கு ஏலத்தில் எடுத்த ஜீப்பே கதி. சமவெளியில் அதிகாரியைச் சுமந்து தேய்ந்த வண்டி, தன் இரண்டாம் பிறவியில்தான் எதற்காக வடிவமைக்கப்பட்டதோ அந்த வேலையைச் செய்தது என்பேன்.

அத்தகைய வண்டியை வாங்குவதற்கென்று ஒரு மரபறிவு உண்டு. ஏலத்தில் 'உள்ளது உள்ளபடி' என்பதே நிபந்தனை. பிறகு யாரையும் கேட்க முடியாது. பெயின்ட் பளபளப்பைப் பார்க்கக்கூடாது. அடியில் படுத்துச் சட்டத்தில் விரிசலும் ஒட்டு வெல்டிங்கும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பட்டைகள் தாங்கும் இடத்தில் துரு அரித்திருந்தால் வண்டியை விட்டுவிட வேண்டும். அடுத்தது முன் அச்சு. டீசல் மிச்சம் பிடிக்க அதற்குப் போகும் தண்டைக் கழற்றி எடைக்குப் போட்டவர்கள் ஏராளம். லீவர் இருக்கும், விசை இருக்காது. சேற்றில் நிறுத்தி முன்சக்கரம் சுழல்கிறதா என்று காண்பதே சோதனை. வாங்கிய பின் செய்ய வேண்டியவை சொற்பம்: பட்டைக் கட்டில் ஓர் இலை கூடுதல், ஆழப் பல் கொண்ட டயர், இரண்டு ஸ்டெப்னி, இழுகயிறு, தண்ணீருக்கும் டீசலுக்கும் இருபது லிட்டர் தகர கேன்கள். (அந்த கேன் ஜெர்மானியப் படையின் வடிவம். ஆங்கிலேயர் அதை அப்படியே நகலெடுத்துக்கொண்டு, ஜெர்மானியரைக் குறிக்கும் தங்கள் கேலிப்பெயரால் 'ஜெர்ரி கேன்' என்றனர்.) எஞ்சினை மாற்றுவது வேறு சங்கதி. வண்டியின் அடிப்படை அமைப்பை மாற்றக்கூடாது என்பதை 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்திவிட்டதால், மாற்றிய எஞ்சின் பதிவுப் புத்தகத்தில் ஏறியிருக்கிறதா என்பதை இப்போது முதலில் பார்க்க வேண்டியிருக்கிறது.

இந்தக் கைமாற்றச் சங்கிலி இன்று அறுந்துகொண்டிருக்கிறது. 2023 ஏப்ரல் 1 முதல், பதினைந்து ஆண்டு கடந்த அரசு வண்டிகளின் பதிவு ரத்தாகி அவை உடைப்புக் கூடத்துக்குப் போக வேண்டும் என்பது விதி. புகையையும் பழுதையும் எண்ணினால் விதியில் பிழை காண்பது கடினம். ஒன்றிய அலுவலக ஜீப் மலைக்கு ஏறும் வழிதான் அதனால் அடைபடுகிறது. அந்த இடத்தைப் பிடித்திருப்பது பின்சக்கர விசை மட்டுமே கொண்ட சரக்கு பிக்கப். பாரம் ஏற்றுவதற்கென்று கட்டப்பட்ட அதன் தொட்டியில் ஆட்கள் நின்றுகொண்டு போகிறார்கள். 2022 ஏப்ரல் 2 அன்று புலியூரிலிருந்து சேம்பறை மலைக்கோயிலுக்கு ஏறிய அப்படியொரு வேன் பள்ளத்தில் கவிழ்ந்தது. இறந்தவர்கள் 11 பேர், பெரும்பாலோர் பெண்கள்.

கார்லினின் ஜீப் இப்போது ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில், அவர் படித்த பள்ளியில் கண்ணாடிக் கூண்டுக்குள் இருக்கிறது. மேனன் வாங்கிய 155-இல் ஒன்றேனும் எந்த மலையிலாவது ஏறியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.