பால்மரத்தடியில் பழகிய தொழில்

ஒரு சமுதாயம் தன் இளைஞர்களுக்குத் தொழிலை எவ்வாறு பழக்கியது என்பதை அறிந்தால், அச்சமுதாயம் உயர்ந்த விதமும் தேங்கிய விதமும் ஒருங்கே விளங்கும். மலேசியத் தமிழர் வரலாற்றில் குடியேற்றம், கூலி, தொழிற்சங்கம், தாய்மொழிப்பள்ளி ஆகியவை பலராலும் எழுதப்பெற்றுள்ளன. தோட்டத்துப் பிள்ளை தொழிலை யாரிடம் பழகினான், எவ்வாறு பழகினான், அப்பழக்கம் அவனை எங்கே கொண்டு சேர்த்தது என்னும் வினாக்களும் அவற்றோடு சேர்த்து எழுப்பத் தக்கவையே. இவற்றிற்கு விடை காண நெகிரி செம்பிலான் மாநிலத் தோட்டப்புறங்கள் பொருத்தமான களமாகும்.

பழைய சுங்கை ஊஜோங் பகுதிக்கு முதலில் ஈயமும், அடுத்துக் காப்பியும், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து ரப்பரும் செல்வம் தந்தன. 1891ஆம் ஆண்டில் சிரம்பானையும் போர்ட்டிக்சனையும் இணைக்கும் இருப்புப்பாதை திறக்கப்பட்டது. 1910ஆம் ஆண்டில் கெமாஸிலிருந்து பகாவ் வரையில் மற்றொரு பாதை அமைந்தது. ரந்தாவ், லிங்கி, லாபு, சிலியாவ், பகாவ், ரொம்பின் ஆகிய வட்டாரங்களில் காடு திருத்தப்பட்டுப் பால்மரம் நடப்பட்டது. கங்காணிமார் தமிழ்நாட்டு ஊர்களிலிருந்து ஆள் திரட்டி வந்தனர். கூலிகளாக ஆள் அனுப்புவதை இந்திய அரசு 1938இல் நிறுத்தும் வரையில் இம்முறை ஏதேனும் ஒரு வகையில் நீடித்தது. வந்தவருள் பெரும்பாலோர் நிலத்தை உழுது பழகியவர்கள். பால்மரத்தைக் கண்ணாற் கண்டறியாதவர்கள். ஆகவே, தோட்டத்தின் முதல் தலைமுறையே ஒரு புதிய தொழிலுக்கு மாணாக்கராகி நின்ற தலைமுறையாகும்.

அத்தொழில் எளிய தொழிலன்று. மரத்தைக் கொல்லாமல், ஒரே வெட்டை மீண்டும் மீண்டும் மெல்லச் சீவிப் பால் எடுக்கும் முறையைச் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தில் எச். என். ரிட்லி 19ஆம் நூற்றாண்டின் இறுதியிற் கண்டறிந்தார். அம்முறையைத் தோட்டத்தில் நாள்தோறும் நிறைவேற்றியவை தொழிலாளரின் கைகளே. பட்டைக்கும் மரத்திற்கும் இடையே உள்ள மெல்லிய வளர்படலத்தைக் கத்தி தொட்டுவிட்டால், மரம் காயப்படும். புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். பின்னர் அவ்விடத்திற் செம்மையாகச் சீவ இயலாது. வெட்டு ஆழங் குறைந்தாலோ, பால் குறையும். பட்டையைத் தடிப்பாகச் சீவினால், பல ஆண்டுக்கு உதவவேண்டிய பட்டை விரைவிலேயே தீர்ந்துபோகும்.

இந்நுட்பத்தைப் பிள்ளைகள் ஏட்டிற் படிக்கவில்லை. விடியுமுன் பெரட்டுக்குச் சென்ற பெற்றோரைப் பின்தொடர்ந்தே கற்றனர். முதலில் மங்கு துடைத்தனர், ஒட்டுப்பால் பொறுக்கினர், வாளி சுமந்தனர். கை சற்று நிமிர்ந்த பின்னர், விரைவில் வெட்டி வீழ்த்தப்படவிருக்கும் முதிய மரங்களிற் கத்தி பிடித்துப் பழகினர். தாயோ தந்தையோ பிடி தளர்ந்த இடத்தைத் திருத்தினர். தண்டல் மரங்களைச் சுற்றிவந்து காயம் பார்த்தார். கற்பவர், கற்பிப்பவர், தேர்வு செய்பவர் ஆகிய மூவரும் ஒரே நிரையில் நின்ற முழுமையான தொழிற்பயிற்சி அது. உலகின் எந்தப் பட்டறைப் பயிற்சிக்கும் அது தாழ்ந்ததன்று.

எனினும், அப்பயிற்சிக்கு ஒரு பெருங்குறை இருந்தது. தொழிலைப் பழக்கும் ஆசான் இருந்தார். தொழிலைத் தேர்ந்துகொள்ளும் வாய்ப்பு இல்லை. பால்மரத்தடியிற் கற்றது பால்மரத்தடிக்கே உதவியது. தோட்டத்திலேயே வேறு தொழில்களும் இல்லாமற் போகவில்லை. பாலை உறையவைத்துத் தகடாக்கிப் புகையூட்டிய ஆலையில் இயந்திரம் ஓட்டுவோர் இருந்தனர். மருந்தகத்தில் டிரெசர் இருந்தார். அலுவலகத்தில் கிராணி இருந்தார். ஆனால், கிராணி, டிரெசர் பதவிகளுக்கு ஆங்கிலக் கல்வி வேண்டியிருந்தது. ஆதலின், அவை பெரும்பாலும் யாழ்ப்பாணத்திலிருந்தும் கேரளத்திலிருந்தும் வந்த ஆங்கிலம் படித்தவர்களுக்கே கிடைத்தன. ஆலையில் உதவியாளாகச் சேர்ந்து இயந்திரத்தைப் பழுதுபார்க்கக் கற்ற தொழிலாளியின் மகனுக்குத் தொழில் தெரிந்தது. தெரியும் என்று சொல்லும் தாள் இல்லை. தோட்ட எல்லையைத் தாண்டியதும் அவன் மீண்டும் கூலியாளாகவே மதிக்கப்பட்டான்.

தோட்டத்துப் பள்ளி இக்குறையை நிறைவு செய்திருக்கலாம். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேருக்குக் குறையாமல் உள்ள தோட்டங்களிற் பள்ளி அமைக்குமாறு நிருவாகத்தைக் கடமைப்படுத்தியது. சட்டத்தின் எழுத்துக்காகத் தொடங்கப்பட்ட பள்ளிகளிற் பல, ஆயாக்கொட்டகையின் ஓரத்திலும் கோயிலின் நிழலிலும் நடைபெற்றன. தொடக்க காலத்தில் எழுத்தறிந்த கங்காணியோ கிராணியோகூட ஆசிரியராயினர். ஆயினும், பிற்காலத்துப் பயிற்சி பெற்ற தமிழாசிரியரே தோட்டத்துப் பிள்ளை நாள்தோறும் கண்ட, கத்தியும் வாளியும் இன்றி உழைத்து வாழும் தமிழராக விளங்கினார். தமிழாசிரியராக வேண்டும் என்பதே அக்காலத் தோட்டத்துப் பிள்ளைகள் பலரின் முதற்கனவாக அமைந்ததில் வியப்பில்லை. பிள்ளை எதைக் காண்கிறதோ அதையே விரும்பும். காணாத தொழிலை விரும்ப வழியில்லை.

நகர்ப்புறத்தோடு ஒப்பிட்டால் இவ்வுண்மை தெளிவாகும். கோலாலம்பூரை அடுத்த செந்தூலில் இரயில்வேயின் மத்தியப் பட்டறை இருந்தது. அதன் குடியிருப்பில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் பொருத்துநரையும் கடைசல்காரரையும் கண்டு வளர்ந்தனர். 1926ஆம் ஆண்டிற் கோலாலம்பூரில் அரசினர் தொழிற்பள்ளி தொடங்கப்பட்டது. பகாவ் காட்டிலிருந்த பிள்ளைக்கு இரயிலின் ஊதல் கேட்டது. அந்த இரயிலைச் செப்பனிடும் தொழிலும் தனக்கு உரியதாகலாம் என்று சொல்வார் இல்லை.

விடுதலைக்கு முன்னும் பின்னும் இந்நிலைக்கு நெருக்கடி வந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டன. 1951 முதல் 1960 வரை நிகழ்ந்த துண்டாடலைப் பற்றி உங்கு அஜீஸ் விரிவாக ஆராய்ந்து எழுதினார். 1954ஆம் ஆண்டிற் பல சங்கங்கள் இணைந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவாயிற்று. அதன் பொதுச் செயலாளர் பி. பி. நாராயணன் முன்னர் நெகிரி செம்பிலானில் தொழிற்சங்கப் பணியில் ஈடுபட்டவர். கூலிக்கும் வேலைக்கும் காவல் தேடுவதே அன்றைய முதற்பணியாயிற்று. பிள்ளைகளின் மாற்றுத்தொழில் என்னும் வினா காத்திருந்தது. 1964இற் கோலாலம்பூரில் தொழிற்பயிற்சிக் கழகம் தொடங்கப்பட்டபோது, கதவு திறந்ததே தவிர, அதனை அடையும் வழி நீண்டிருந்தது. தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு, புகுமுக வகுப்பில் ஓராண்டு, தொலைவிலுள்ள இடைநிலைப்பள்ளிக்கு நாள்தோறும் பயணம் என்னும் படிகளில் எங்கோ ஓரிடத்திற் பலர் இறங்கிவிட்டனர். 1968ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தைத் தொடர்ந்து, குடியுரிமை இல்லாதோர் வேலை செய்ய அனுமதிச் சீட்டுப் பெறவேண்டியதாயிற்று. பிறப்புப் பத்திரமும் நீல அடையாள அட்டையும் எவ்வளவு இன்றியமையாதவை என்பதை அப்போதுதான் பல குடும்பங்கள் உணர்ந்தன. தாள் இல்லாத பிள்ளைக்குப் பட்டறையின் வாயிலும் அடைபட்டது.

பின்னர் நிலமே மாறியது. பால்மரம் வீழ்ந்த இடத்திற் செம்பனை எழுந்தது. அதற்குக் குறைந்த ஆட்களே போதும். செனவாங் தொழிற்பேட்டையிலிருந்து ஆலைப் பேருந்துகள் தோட்டங்களுக்கு வந்து இளைஞரையும் இளம்பெண்களையும் ஏற்றிச் சென்றன. நீலாய், லாபு வட்டாரங்களில் நிலம் நகரமாயிற்று; 1998இல் எல்லைக்கு அப்பால் சிப்பாங்கிற் பன்னாட்டு விமான நிலையம் திறக்கப்பட்டது. மூன்று தலைமுறையாகக் கைவந்த பால்மரம் சீவும் கலை ஒரே தலைமுறையில் பயனற்றதாயிற்று. அதற்கு ஈடான வேறு கலை கையில் இல்லாத இளைஞர், லோரியிலும் காவல் பணியிலும் நாட்கூலியிலும் சிதறினர். தோட்டத்தை இழந்ததால் வீடு போயிற்று என்று வருந்தியவர் பலர்; ஆசானும் போனார் என்பதை எண்ணியவர் சிலரே.

இடைவெளியை நிரப்பும் முயற்சிகளும் இம்மாநிலத்திலேயே தோன்றின. 1990இற் போர்ட்டிக்சனிற் பலதொழில் கல்லூரி அமைந்தது. 1984இல் நிறுவப்பட்ட மாஜு கல்வி மேம்பாட்டுக் கழகம் சிரம்பானில் டேஃப் கல்லூரியைத் தொடங்கித் தொழில்நுட்பக் கல்விக்கு இந்திய இளைஞரை அழைத்தது. 2005ஆம் ஆண்டில் அரசாங்கம் தேசிய இரட்டைப் பயிற்சி முறையைத் தொடங்கியது. செருமனி நாட்டு முறையைத் தழுவிய இத்திட்டத்திற் பயிற்சியின் பெரும்பகுதி, அதாவது நூற்றுக்கு எழுபது முதல் எண்பது பங்கு, தொழிலிடத்தில் தேர்ந்த தொழிலரின் அருகில் நடைபெறுகின்றது. எஞ்சியது பயிற்சி நிலையத்தில் நடைபெறுகின்றது. 2006ஆம் ஆண்டுத் தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டம் மலேசியத் திறன் சான்றிதழுக்குச் சட்ட வலிமை அளித்தது. பயிற்சி நிலையத்திற்குச் செல்லாமல் அனுபவத்தாலேயே தேர்ந்தவரும், தம் திறனை மெய்ப்பித்து அச்சான்றிதழைப் பெறலாம். ஆலையில் இயந்திரம் பழுதுபார்த்த அந்தத் தொழிலாளியின் மகனுக்குக் கிடைக்காத தாள் இதுவே.

இவ்வரலாறு தமிழ்ப்பள்ளி ஆசிரியர்க்கு உணர்த்துவது யாது? அருகில் நின்று கைபிடித்துக் கற்பிக்கும் முறை தோட்டத்துத் தமிழர்க்குப் புதியதன்று. அவர்தம் வாழ்வே அம்முறையில் நடந்தது. அன்று அம்முறைக்குத் துணையாக இல்லாதவை இரண்டு: பல தொழில்களைக் கண்டு தேரும் வாய்ப்பும், கற்றதற்குச் சான்றும். சான்றிதழை இன்று அரசு தருகின்றது. கண்டு தேரும் வாய்ப்பைப் பள்ளியும் சமுதாயமுமே தரவேண்டும். மின்பணியாளர், தாதியர், வாகனம் செப்பனிடுவோர், கணினித் தொழிலர் எனத் தோட்டத்திற் பிறந்து உயர்ந்தோர் சிரம்பானிலும் பகாவிலும் உள்ளனர். அவர்கள் ஆண்டிற்கு ஒருநாள் பரிசளிப்பு விழாவிற்கு வந்து மாலை பெற்றுச் செல்வதோடு நின்றுவிடலாகாது. மாணவர் சிலரைத் தம் பணியிடத்திற்கு அழைத்துச் சென்று, சில நாளேனும் தம்மருகில் நிறுத்திக் காட்ட வேண்டும். ஆறாம் ஆண்டை முடித்து வெளியேறும் ஒவ்வொரு மாணவனுக்கும், அவன் ஐயத்தைக் கேட்டு விடை சொல்ல ஒரு பெரியவர் இருக்கிறாரா என்று தலைமையாசிரியர் பட்டியலிட்டுப் பார்த்தல் நன்று. அப்பட்டியலில் வெற்றிடம் இருக்கும் வரையில், பால்மரக் காட்டின் பழைய குறை தீர்ந்துவிட்டது என்று கொள்வதற்கில்லை.