சாவியைத் திருப்பியும் கார் ஏன் கிளம்பவில்லை? – ஒரு சின்ன வரலாறு

காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கூரம், சரித்திரப் புத்தகங்களில் அடிக்கடி வரும் ஊர். 7-ம் நூற்றாண்டில், பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மன் காலத்துக் கூரம் செப்பேடு, அந்த ஊர் ஏரியையும் பாலாற்றிலிருந்து அதற்குத் தண்ணீர் கொண்டு வந்த பெரும்பிடுகு கால்வாயையும் பற்றிச் சொல்கிறது. வயலுக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் விவசாயி என்ன செய்வார்? ஏரியில் தண்ணீர் இருக்கிறதா, கால்வாயில் அடைப்பா, மதகு திறக்கிறதா என்று வரிசையாக நடந்து பார்ப்பார். எடுத்தவுடன் மதகை உடைக்க மாட்டார்!

காரின் பெட்ரோல் பாதையும் அப்படித்தான். டேங்க் ஏரி, டியூப் கால்வாய், கார்பரேட்டர் மதகு. கார் கிளம்ப அடம் பிடிக்கும்போது கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்கும் வித்தை, இந்தியாவில் கடந்த அறுபது வருடங்களில் எப்படி மாறியது என்பது சுவாரஸ்யமான கதை. அதில் பாதிக் கதை இந்தக் காஞ்சிபுரம் வட்டாரத்திலேயே நடந்திருக்கிறது.

காதும் மூக்கும் கருவியாக இருந்த காலம்

அம்பாசடர் 1958-ல் வந்தது. சென்னையை அடுத்த வண்டலூரில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு 1961-ல் வந்தது. பின்னாளில் பிரீமியர் பத்மினி என்று பெயர் மாறிய ஃபியட் 1100டி 1964-ல் வந்தது. மூன்றுமே கார்பரேட்டர் வண்டிகள். காற்று வேகமாகப் போகும்போது மெல்லிய துளை வழியாகப் பெட்ரோலை உறிஞ்சித் தூவும் கருவி அது. அப்படித் தூவும் முறையை 1893-லேயே ஜெர்மனியின் வில்ஹெல்ம் மேபாக் உருவாக்கியிருந்தார்.

இந்த வண்டி கிளம்பாவிட்டால் மெக்கானிக் முதலில் கேட்கும் கேள்வி, "காலையில கிளம்பலையா, ஓட்டிட்டு நிறுத்தின அப்புறம் கிளம்பலையா?" என்பதுதான். பாதி நோய் இந்தக் கேள்வியிலேயே தெரிந்துவிடும்.

காலையில் என்றால் சோக் மேல் சந்தேகம். குளிர்ந்த இன்ஜினில் பெட்ரோல் சரியாக ஆவியாகாது. அதனால் சோக்கை இழுத்துக் காற்றைக் குறைத்தால்தான் பற்றும். அடுத்து ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பார். நனைந்து பெட்ரோல் வாடை அடித்தால் பெட்ரோல் அதிகம்: மிதவை ஓட்டையாகியிருக்கலாம், ஊசி வால்வில் தூசி சிக்கியிருக்கலாம். ஆக்சிலரேட்டரை முழுசாக மிதித்துக்கொண்டு செல்ஃப் அடித்தால் அநேகமாகக் கிளம்பிவிடும். பிளக் காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை என்று அர்த்தம்: பம்ப்பின் டயாப்ரம் கிழிந்திருக்கலாம், ஃபில்டர் அடைத்திருக்கலாம். டேங்க் மூடியில் இருக்கும் காற்றுத் துளை அடைத்துக்கொண்டாலும் இதே கதைதான். மூடியைத் தளர்த்தினால் 'உஸ்' என்ற சத்தத்தோடு வண்டி சரியாகிவிடும். செலவு பூஜ்யம்!

ஓடி நின்ற வண்டி வெயிலில் கிளம்பாவிட்டால் வேறு காரணம். இன்ஜின் சூட்டில் பெட்ரோல் பம்ப்புக்குள்ளேயே ஆவியாகிவிடும். ஆவியைப் பம்ப்பால் தள்ள முடியாது. அக்னி நட்சத்திரத்தில் அம்பாசடர் டிரைவர்கள் பம்ப்பின் மேல் ஈரத்துணியைச் சுற்றியது மூடநம்பிக்கை இல்லை, சுத்தமான இயற்பியல்.

அறிவு பழசாகாத சந்தை

இதற்குப் பின்னால் ஒரு பொருளாதாரக் காரணமும் உண்டு. லைசென்ஸ் ராஜ்ஜியத்தில் எவ்வளவு கார் தயாரிக்கலாம் என்பதை அரசாங்கம் தீர்மானித்தது. மாடல்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவை, மாற்றங்களும் குறைவு. அதனால் ஒரு மெக்கானிக் இருபது வயதில் கற்றது அறுபது வயது வரை சோறு போட்டது. வாடிக்கையாளருக்கு நல்ல கார் கிடைக்கவில்லை, ஆனால் கோளாறு கண்டுபிடிக்கத் தெரிந்த ஆள் தெருவுக்குத் தெரு கிடைத்தார்.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபோதும் இந்த அறிவு செல்லுபடியானது. அதுவும் கார்பரேட்டர் வண்டிதான். அப்போது காஞ்சிபுரத்தோடு ஒரே மாவட்டமாகவும் இப்போது செங்கல்பட்டு மாவட்டத்திலும் இருக்கும் மறைமலைநகரில், ஜப்பானின் மிகுனி கூட்டுடன் யூகால் நிறுவனம் கார்பரேட்டர் தயாரித்தது.

மதகை கம்ப்யூட்டர் திறந்த காலம்

1993-ல் கார் தயாரிப்புக்கு லைசென்ஸ் தேவை நீக்கப்பட்டது. 1995-ல் சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் கட்டாயமானது. 1998-ல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய் சான்ட்ரோ வந்தது. அதில் கார்பரேட்டரே இல்லை. எம்பிஎஃப்ஐ, அதாவது ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு இன்ஜெக்டர், எவ்வளவு பெட்ரோல் என்று கணக்குப் போட ஒரு கம்ப்யூட்டர். 1999-ல் உச்ச நீதிமன்றம் டெல்லி வட்டாரத்தில் யூரோ விதிகளை விரைவுபடுத்திய பிறகு, கார்பரேட்டர் கார்களின் நாட்கள் எண்ணப்பட்டன. 2010-க்குப் பிறகு, கோளாறைக் குறித்து வைக்கும் ஓபிடி வசதியும் படிப்படியாகக் கட்டாயமானது.

சோக் குமிழ் போய்விட்டது. அந்த வேலையை இன்ஜின் சூட்டை அளக்கும் சின்ன சென்சார் பார்க்கிறது. அது பொய் சொன்னால், குளிர்ந்த இன்ஜினைச் சூடானது என்று கம்ப்யூட்டர் நம்பிவிடும். பெட்ரோல் போதாது, கார் கிளம்பாது. நோய் பழசுதான், இடம்தான் புதுசு.

பம்ப் இப்போது டேங்க்குக்குள் இருக்கிறது. சாவியைத் திருப்பியதும் ஓரிரு நொடி 'ஙொய்ங்' என்ற சத்தம் வர வேண்டும். வராவிட்டால் ஃபியூஸ், ரிலே, பம்ப் என்ற வரிசையில் பார்க்க வேண்டும். சாவியை இரண்டு மூன்று முறை ஆன்-ஆஃப் செய்த பிறகு மட்டும் கிளம்பினால், இரவில் பெட்ரோல் அழுத்தம் இறங்கிவிடுகிறது என்று சந்தேகிக்கலாம். பழைய பழக்கத்தில் டியூபைக் கழற்றிப் பார்ப்பது மட்டும் கூடாது. சுமார் 3 பார் அழுத்தத்தில் பெட்ரோல் பீய்ச்சி அடிக்கும், தீப்பிடிக்கும்.

கோட் சொல்வது சாட்சியா, தீர்ப்பா?

இங்கேதான் பணம் சம்பந்தப்பட்ட விஷயம் வருகிறது. ஸ்கேனரில் பி0171 என்று வந்தால் 'கலவையில் பெட்ரோல் குறைவு' என்று பொருள். அவ்வளவுதான். பலவீனமான பம்ப், அடைத்த ஃபில்டர், காற்று கசியும் ஹோஸ் எதுவாகவும் இருக்கலாம். ஆனால் கோட் வந்ததும் ஆக்சிஜன் சென்சாரை மாற்றினால் பில் ஆயிரக்கணக்கில் ஏறும், கார் மறுநாள் காலையிலும் கிளம்பாது. கோட் வெறும் சாட்சி. தீர்ப்பு சொல்ல, பிரஷர் கேஜை மாட்டி அழுத்தத்தை அளந்து பார்க்கும் ஆள் வேண்டும்.

பழைய அறிவுக்கு இன்னும் வேலை இருக்கிறது. பெட்ரோலில் கலக்கும் எத்தனால் 2022-ல் 10 சதவீதத்தையும் 2025-ல் 20 சதவீதத்தையும் எட்டியது. எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரைக் கெடுக்கும். பாதுகாத்து வைத்திருக்கும் பத்மினியோ அம்பாசடரோ திடீரென்று கிளம்ப மறுத்தால் முதலில் பார்க்க வேண்டியது ஹோஸும் டயாப்ரமும்தான்.

கருவி காதிலிருந்து ஸ்கேனருக்கு மாறிவிட்டது. ஏரி, கால்வாய், மதகு என்ற வரிசை மட்டும் மாறவில்லை. அந்த வரிசைப்படி நடந்து பார்க்கும் மெக்கானிக் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். அவர் கேட்கும் கூலி, தேவையில்லாமல் மாற்றப்படும் ஒரு சென்சாரின் விலையைவிடக் குறைவாகத்தான் இருக்கும்!