பழைய பொறி பெற்ற புதிய கை

தொழிற்பேட்டை எழுந்துள்ள புக்கிட் ரம்பாயில் பயிலும் நம் மாணவர், எண்வழி இயங்கும் மில்லிங் இயந்திரத்தின் வரலாற்றை அறிதல் நன்று. அது புதிதாய் வார்க்கப்பட்டதன்று. ஹெலிகாப்டர் இறக்கையின் வளைவைப் புள்ளிகளாய்க் கணக்கிட்டு வெட்ட முனைந்த அமெரிக்கர் ஜான் பார்சன்ஸ், 1949இல் விமானப்படையின் ஒப்பந்தம் பெற்று, மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தை நாடினார். கழகத்தார், முன்னரே இருந்த சின்சினாட்டி இயந்திரமொன்றை மாற்றியமைத்து, துளையிட்ட நாடாவின் ஆணைப்படி மூன்று அச்சுகளிலும் இயக்கி, 1952இல் காட்டினர். புகழ் பெரிதும் கழகத்தையே சேர்ந்தது. பார்சன்ஸுக்கும் அவர்தம் துணைவர் ஃபிராங்க் ஸ்டூலனுக்கும் தேசியத் தொழில்நுட்பப் பதக்கம் 1985இல்தான் வாய்த்தது!

இன்று மேசைமேல் அடங்கும் சிறு இயந்திரத்தையும் இளைஞர் இவ்வாறே மாற்றுகின்றனர். மோட்டார் மட்டும் போதாது. பழைய சறுக்குத் தடம் ஒட்டி ஒட்டி நகரும். திருகில் தளர்வு இருப்பின், திசை மாறும்போது மோட்டார் சுழன்றும் தளம் அசையாது. எண் சொன்னதை உளி கேளாது. ஆகவேதான் குண்டுகள் உருளும் நேர்த்தண்டவாளமும் குண்டுத்திருகும் பொருத்துகின்றனர்.