பரிசாரியின் பெயரும் பதிவேட்டின் இலக்கமும்

இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள கரைவாகுப்பற்றில் ஒரு பரிசாரியின் கைராசியை ஊரே அறிந்திருந்தது. கல்முனைக்குடியிலோ சாய்ந்தமருதிலோ மரத்தால் விழுந்த பிள்ளையை முறிவு நெரிவு வைத்தியரிடம் தூக்கிப் போவார்கள். அவர் எலும்பைத் தடவிப் பொருத்தி, பச்சிலை அரைத்துப் பத்துப் போட்டு, மூங்கில் சிம்பு வைத்துக் கட்டுவார். அவர் யாரிடம் தொழில் பழகினார், எந்த வாகட ஏடு அவர் வீட்டில் இருக்கிறது, யாருடைய கால் கோணலாகப் பொருந்தியது என்பதெல்லாம் சந்தையில் பேசப்படும் சங்கதிகள்.

பிறகு பதிவேடு வந்தது. மேலைத்தேய வைத்தியத்துக்கு 1927 இன் மருத்துவக் கட்டளைச் சட்டம். சுதேச வைத்தியத்துக்கு 1941 இன் கட்டளைச் சட்டம். அதன்பின் சித்தம், யூனானி, தேசிய சிகிச்சை எல்லாவற்றையும் உள்ளடக்கிய 1961 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டம். ஊர் அறிந்ததை இனிப் பெயர்ப்பலகையிலுள்ள பதிவிலக்கம் சொல்ல வேண்டும். மருதமுனையிலிருந்து அறியாத வைத்தியரைத் தேடிப் போகும் நோயாளிக்கு வேறு சாட்சி இல்லை.

இந்த ஏற்பாட்டின் பிறப்பிடம் இலண்டன். அங்கே 1858 இல் இயற்றப்பட்ட மருத்துவச் சட்டம், பதிவில்லாமலே தன்னை வைத்தியர் என்று பொய்யாகச் சொல்பவருக்கு 20 பவுண் வரை தண்டம் விதித்தது. வேண்டுமென்றே பொய் ஆவணம் காட்டிப் பதிவு பெற்றவருக்கோ 12 மாதம் வரை சிறை. காரணம் தெளிவு: முன்னவர் தன்னை நம்பியவரை ஏமாற்றுகிறார், பின்னவர் எல்லாரும் நம்பும் ஏட்டையே கெடுக்கிறார்.

இன்று காற்று மறுபக்கம் வீசுகிறது. இந்தியாவின் 2023 ஆம் ஆண்டு ஜன் விஸ்வாஸ் சட்டம் 42 சட்டங்களில் 183 பிரிவுகளைத் திருத்தி, பல குற்றங்களுக்குச் சிறையை நீக்கிப் பணத்தண்டம் வைத்தது. 1948 இன் மருந்தாளர் சட்டமும் அந்த 42 இல் ஒன்று. சிறு தவறுக்குச் சிறை எதற்கு என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. 2004 டிசம்பர் 26 இல் கடல் ஏறி வந்தபோது கரைவாகுப்பற்றின் கரையோர வீடுகள் ஆவணங்களோடு போயின. அப்படிப் பறிகொடுத்தவரின் விண்ணப்பத்தில் திகதி பிசகினால் அது குற்றமாகாது. ஆனால் அவரைக் காப்பாற்றச் சட்டத்தைத் தளர்த்தத் தேவையில்லை. ‘வேண்டுமென்றே’ என்ற நிபந்தனை 1858 இலேயே இருந்தது.

ஏட்டைக் காப்பதில் தளர்ந்தால் அதன் விலை பெரிது. சோலியா அலெமி என்பவர் நியூசிலாந்து மருத்துவப் பட்டம் பெற்றதாகப் போலிப் பத்திரம் காட்டி 1995 இல் பிரித்தானியப் பதிவேட்டில் ஏறினார்; மனநல வைத்தியராக ஏறத்தாழ இருபது ஆண்டுகள் வேலை செய்தார். நோயாளியொருவரின் மரணசாசனத்தைப் போலியாகத் தயாரித்ததற்காக 2018 இல் தண்டிக்கப்பட்ட பிறகே அந்தப் பட்டத்தின் பொய் வெளியே வந்தது. 2023 இல் அதற்கு ஏழு ஆண்டு சிறை கிடைத்தது. அதே வழியில் பதிவு பெற்றிருந்த சுமார் 3,000 வைத்தியர்களின் பத்திரங்களையும் பிரித்தானிய மருத்துவ மன்றம் மீண்டும் சோதிக்க நேர்ந்தது.

புதுப்பிக்கத் தாமதித்தவருக்கும் படிவத்தில் பிழை விட்டவருக்கும் பணத்தண்டம் போதும். பொய்ப் பட்டத்தால் பதிவு தேடுபவருக்கும் அதற்குத் துணை நின்றவருக்கும் சிறைத் தண்டனை சட்டத்தில் இருந்தே ஆக வேண்டும்.