சுங்கக்காரர் சொன்ன விலை

1898-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 10-ஆம் நாள், பாரிசு மாநகரில் வாழ்ந்த ஓய்வுபெற்ற சிற்றலுவலர் ஒருவர், தாம் பிறந்த லவால் நகரின் மேயருக்கு ஒரு கடிதம் எழுதினார். தாம் தீட்டிய பெரிய ஓவியம் ஒன்றை நகராட்சி வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது அவருடைய வேண்டுகோள். நிலவொளி பரந்த பாலைநிலம்; அதில் உறங்கும் நாடோடிப் பெண்; அவளை மோந்து பார்க்கும் சிங்கம்; பக்கத்தில் ஒரு நரம்பிசைக் கருவியும் தண்ணீர்க் குடமும். இதற்கு அவர் குறித்த விலை 1,800 முதல் 2,000 பிராங்கு வரை. ஊர்ப்பிள்ளை ஒருவனின் நினைவு ஊரிலேயே இருக்கட்டும் என்ற மகிழ்ச்சிக்காகவே இந்த விலைக்குத் தருவதாகவும் எழுதியிருந்தார். நகராட்சி வாங்கவில்லை.

எழுதியவர் ஆன்றி ரூசோ. பிரெஞ்சுப் புரட்சிக்கு வித்திட்ட நூல்களை எழுதிய ரூசோ வேறு; அவர் இவருக்கு ஒரு நூற்றாண்டு முந்தியவர். நம்மவர் 1844-இல் தகரத் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்தார். 1871 முதல் பாரிசு நகரின் ஆயச்சாவடிகளில் பணியாற்றினார். நகருக்குள் வரும் பொருள்களுக்கு வரி தண்டும் வேலை. நண்பர்கள் அவரைச் ‘சுங்கக்காரர்’ என்று அழைத்தார்கள். உண்மையில் அவர் சுங்க இலாகாவில் ஒரு நாளும் வேலை செய்தவர் அல்லர். ஆயினும் அப்பெயரே நிலைத்துவிட்டது.

பிழைப்புக்கு ஒரு வேலை, மனத்துக்கு ஒரு கலை என்று வாழ்கின்றவர் தம் படைப்புக்கு என்ன விலை கேட்பது? சில கல்யாண வீடுகளிலும் திருவிழாக்களிலும் இந்த வினா எழுவதைக் கண்டிருக்கிறேன். “நீங்கள் பார்த்துக் கொடுங்கள்” என்பதே நம்மவர் வழக்கமாகச் சொல்லும் விடை. அது அடக்கம் என்று நெடுங்காலம் நானும் நம்பியிருந்தேன்.

ஓவியத்துக்கு விலை வகுக்கும் முறைகள் பழைமையானவை. அவற்றுள் மிகக் கொடியது அளவுகோல் முறை. இத்தாலியின் பெராரா நகரத்து அரண்மனை ஒன்றில் பிரான்செஸ்கோ தெல் கோசா என்னும் ஓவியர் சுவரோவியம் தீட்டினார். அவருக்கும் பிறருக்கும் அடிக்குப் பத்து நாணயம் என ஒரே வீதத்தில் கூலி கணக்கிட்டார்கள். 1470-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அவர் கோமகன் போர்சோவுக்கு முறையீடு எழுதினார். தாம் கற்றவர், பெயர் பெற்றவர். தம்மைக் கடைசிப் பயிலாளனோடு ஒன்றாக அளப்பது தகுமா என்பது அவர் வாதம். விதித்த கூலியே போதும் என்று விடை வந்தது. கோசா பெராராவை விட்டுப் போலோஞா நகருக்குச் சென்றுவிட்டார்.

மற்றொரு முறை, செலவிட்ட நாளைக் கணக்கிடுவது. இதன் மேல் 1878-இல் இலண்டனில் ஒரு பெரிய வழக்கே நடந்தது. இரவு வானில் வாணவேடிக்கை சிதறும் காட்சியை விசுலர் என்ற ஓவியர் தீட்டி, 200 கினி விலை குறித்திருந்தார். பேரறிஞர் ரசுகின் இதைக் கண்டு வெகுண்டு, பொதுமக்கள் முகத்தில் வண்ணத்தை வாரி இறைத்துவிட்டுப் பணமும் கேட்கிறார் என்னும் பொருள்பட எழுதினார். விசுலர் மானநட்ட வழக்குத் தொடுத்தார். இரண்டு நாள் வேலைக்கா இவ்வளவு தொகை என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்டபோது, இரண்டு நாளுக்கு அன்று, வாழ்நாள் முழுவதும் பெற்ற அறிவுக்கு என்று அவர் விடையளித்தார். வழக்கில் வென்றார், கிடைத்த இழப்பீடோ ஒரே ஒரு காற்பென்னி. செலவுத்தொகையும் கிடைக்காமல் மறு ஆண்டே அவர் நொடித்துப் போனார். அதே ஓவியம் 1892-இல் 800 கினிக்கு விலை போயிற்று.

கோசாவும் விசுலரும் தூரிகையை நம்பி வாழ்ந்தவர்கள். விலை குறைந்தால் அடுப்பு எரியாது. ரூசோவின் நிலை வேறு. சாவடிச் சம்பளம் வந்துகொண்டிருந்த காலத்திலேயே, 1884-இல், லூவர் அருங்காட்சியகத்தில் பழைய ஓவியங்களைப் பார்த்து வரைய அனுமதிச்சீட்டுப் பெற்றார். 1886 முதல் சுயேச்சை ஓவியர் கண்காட்சியில் படங்களை வைத்தார். அங்கே தேர்வுக்குழு கிடையாது, யாரும் வைக்கலாம். ஏடுகள் எள்ளி நகையாடின. 1893-இல், 49-ஆம் வயதில், சிறு ஓய்வூதியத்தோடு வேலையை விட்டார். பிடில் கற்றுக்கொடுத்தும் ஓவியம் கற்றுக்கொடுத்தும் மீதிச் செலவைச் சரிக்கட்டினார். நம் பக்கத்து ஆசிரியர்கள் மாலை வேளையில் துணைப்பாடம் நடத்துவது போலத்தான்.

அவருடைய புகழ்பெற்ற காட்டு ஓவியங்களைப் பற்றி ஒரு சொல். பிரான்சை விட்டு வெளியே அவர் சென்றதே இல்லை. பாரிசின் தாவரவியல் பூங்காவில் கண்ணாடிக் கூடத்துச் செடிகளைப் பார்த்துக் காட்டைக் கற்பனை செய்தார். பால்மரக் காட்டின் ஓரத்தில் வளர்ந்த எனக்கு அந்த இலைகளைப் பார்த்தால் முதலில் சிரிப்பு வரும். பிறகு, நம் காட்டை நாம் இவ்வளவு கவனித்துப் பார்த்ததில்லையே என்று தோன்றும்.

இவரிடம் இரண்டு விலைகள் இருந்தன. தெரு மக்களுக்கு ஒன்று, ஊர் அறியும் மன்றத்துக்கு ஒன்று. 1908-இல் அண்டை வீட்டுக் காய்கறி வணிகர் ழூனியேயின் குடும்பத்தைக் குதிரைவண்டியோடு வரைந்தார். அது கடைபாக்கியைத் தீர்ப்பதற்காக வரைந்தது என்பர். லவால் மேயருக்கு எழுதியபோது மட்டும் அவர் குரல் மாறுகிறது. காலத்தின் பேரோவியர்களோடு தம்மை ஒரே வரிசையில் வைத்து எண்ணியவர் அவர். ஆகவே மேயரிடம் கேட்ட தொகை சதுர அடிக் கணக்கும் அன்று, நாள் கணக்கும் அன்று. தம்மைத் தாம் மதித்த மதிப்பு. அதைப் பேதைமை என்று சிரித்தவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை.

ஏனெனில் இலவசமாகக் கொடுப்பதிலும் ஒரு தீங்கு உண்டு என்பதை நான் பிந்தியே கற்றேன். இளவயதில் ஒரு கோவிலுக்கு முருகன் படமும் நாடகத்துக்குத் திரைச்சீலையும் வரைந்து கொடுத்தேன். கூலி கேட்கவில்லை, மாலையும் சால்வையும் கிடைத்தன. அதற்கு முன் ஆண்டுதோறும் அவ்வேலையைச் செய்து வந்தவர் பட்டணத்து விளம்பரப் பலகை ஓவியர் ஒருவர். அடுத்த ஆண்டு அவர் வந்து கேட்டபோது, “வாத்தியார் சும்மாவே போட்டுத் தருகிறாரே!” என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பிள்ளைகுட்டிக்காரர். இது என் காதுக்கு எட்டியபோது ஈராண்டு கடந்திருந்தது. அதன் பின் நான் விலை சொல்லத் தொடங்கினேன். அவர் வாங்குவதற்குக் குறையாமல் சொன்னேன். பணத்தைப் பள்ளி நூலகத்துக்குக் கொடுத்தேனா, வீட்டுக்குக் கொண்டு போனேனா என்பது வேறு செய்தி.

ரூசோவுக்கு வருவோம். 1908-இல் பிக்காசோ என்ற இளைஞர் பழம்பொருள் கடை ஒன்றில் ரூசோ தீட்டிய பெண்ணின் உருவம் ஒன்றை 5 பிராங்குக்கு வாங்கினார். துணி நன்றாயிருக்கிறது, மேலே வேறு படம் வரைந்துகொள்ளலாம் என்றாராம் கடைக்காரர். பிக்காசோ அதைத் தம் இறுதிநாள் வரை விட்டுப் பிரியவில்லை. 1909-இல் ஒரு வங்கி மோசடியில் ஏமாளியாகச் சிக்கி ரூசோ நீதிமன்றத்தில் நின்றார். இப்படிப்பட்ட படம் வரைகின்ற வெள்ளை உள்ளத்தாரா சூது செய்வார் என்று அவருடைய ஓவியம் ஒன்றைக் காட்டியே வழக்கறிஞர் வாதாடினார். தண்டனை நிறுத்திவைக்கப்பட்டது. 1910 செப்டம்பர் 2-ஆம் நாள் அவர் வறியவராக இறந்தார்.

லவால் வேண்டாம் என்ற ஓவியம் 1924-இல் மீண்டும் வெளிப்பட்டது. 1926-இல் பாரிசு ஏலத்தில் 5,20,000 பிராங்குக்குப் போயிற்று. போருக்குப் பின் பிராங்கின் மதிப்பு வெகுவாக வீழ்ந்திருந்தது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். 1939 முதல் அது நியூயார்க்கு நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவருடைய நாரை இனப் பறவைகள் நிற்கும் மற்றோர் ஓவியம் 2023-ஆம் ஆண்டு மே மாதம் அதே நகரத்து ஏலத்தில் 4 கோடியே 35 லட்சம் அமெரிக்க வெள்ளிக்கு விலைபோனது.

1947-இல் லவால் நகரத்தார் பாரிசிலிருந்து அவருடைய எலும்புகளை எடுத்துவந்து தங்கள் பூங்காவில் அடக்கம் செய்தார்கள்.