இரண்டு நாள் திருவிழாவும் ஒரு மாதச் சந்தனக்கூடும்

ஆன்லைன் விளையாட்டு நடத்துகிறவர்களுக்கு ஆண்டுதோறும் ஒரு தலைவலி உண்டு. கிறிஸ்துமஸ், ஹாலோவீன் போன்ற பண்டிகைக் கொண்டாட்டத்தை விளையாட்டுக்குள் எத்தனை நாள் வைத்திருப்பது? குறைத்தால் வர முடியாதவர்கள் திட்டுகிறார்கள். நீட்டினால் வந்தவர்களுக்கே சலித்துப்போகிறது. ராமநாதபுரம் கரையிலும் அதையடுத்த கடலிலும் இதற்கு எதிரெதிரான இரண்டு விடைகள் உண்டு. கச்சத்தீவு அந்தோணியார் திருவிழா இரண்டே நாள். ஏர்வாடி சந்தனக்கூடு ஏறக்குறைய ஒரு மாதம்.

கச்சத்தீவின் இரண்டு நாளைப் பக்தி தீர்மானிக்கவில்லை. 285 ஏக்கர் தீவு. குடியிருப்பவர் யாருமில்லை, குடிதண்ணீரும் இல்லை. தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை கொடியேறும். சிலுவைப் பாதை, தேர்பவனி எல்லாம் அன்றே. மறுநாள் காலை திருப்பலி, கொடியிறக்கம், உடனே படகு. 1974 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் தீவு இலங்கைக்குப் போனபோதும், இந்திய மீனவரும் யாத்ரீகரும் விசா இல்லாமல் வந்துபோகலாம் என்று ஐந்தாவது பிரிவு சொன்னது. அப்படியும் பெயர் கொடுத்து, அனுமதி வாங்கித்தான் ராமேஸ்வரத்திலிருந்து கிளம்ப வேண்டும். ஆளை ஏற்றிப்போகும் விசைப்படகுக்கு அந்த நாட்களில் மீன்பாடு கிடையாது. விழாவை ஒரு வாரமாக்கினால் அந்த வாரச் சோற்றுக்கு யார் பதில் சொல்வது?

இந்தக் குறுக்கம் தரும் லாபம் பெரிது. ராமேஸ்வரத்துக்காரரும் யாழ்ப்பாணம், நெடுந்தீவுக்காரரும் ஒரே இரவில் ஒரே மணலில் இருக்கிறார்கள். பத்து நாள் விழாவாக இருந்தால் அவரவர் வசதிப்படி வந்து, ஒருவரையொருவர் பார்க்காமலே போயிருப்பார்கள். போகிமான் கோ விளையாட்டு 2018-ல் மாதமொருமுறை ‘கம்யூனிட்டி டே’யைத் தொடங்கியபோது அதற்கு மூன்றே மணி நேரம் ஒதுக்கியதற்கும் இந்தக் கணக்குதான்: எல்லாரும் ஒரே நேரத்தில் பூங்காவுக்கு வரட்டும். கொரோனாவில் அது ஆறு மணி நேரமானது. 2022 ஏப்ரலில் மறுபடி மூன்றாகச் சுருக்கியபோது ஆடுகிறவர்கள் கொதித்தார்கள். ஞாயிறு மதியமும் வேலைக்குப் போகிறவனுக்கு அந்த மூன்று மணி நேரம் இருந்தும் இல்லாததுதானே!

கச்சத்தீவின் பலவீனமும் அங்கேதான். 2024-ல் தமிழக மீனவர்களுக்கு இலங்கை நீதிமன்றம் சிறைத்தண்டனை விதித்ததைக் கண்டித்து ராமேஸ்வரம் மீனவர்கள் விழாவைப் புறக்கணித்தார்கள். இரண்டு நாள் தவறியது, ஓராண்டே தவறியது.

ஏர்வாடியில் அந்தப் பதற்றம் இல்லை. இப்ராகிம் ஷஹீத் பாதுஷா தர்காவில் துல்கஃதா மாதப் பிறையோடு மவ்லூது ஓதத் தொடங்குவார்கள். பத்து நாள் கழித்துக் கொடியேற்றம். இருபத்து மூன்றாம் பிறை வாக்கில் சந்தனக்கூடு ஊர்வலம். இரவெல்லாம் நடந்து விடியலில் தர்காவை அடையும். அதற்காக மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை விடுகிறார்கள். ஒரு வாரம் கழித்துக் கொடி இறங்கும். மாதம் முழுக்க வாசல் திறந்திருந்தாலும் உச்சம் ஒரே இரவு. கூட்டம் தாங்காதவர் முன்னதாகவே வந்து ஓதிவிட்டுப் போகலாம். கேரளத்திலிருந்து வருகிறவர் ரயில் டிக்கெட் கிடைத்த நாளில் வரலாம். விழாவை நீட்டுவதென்றால் இப்படி நீட்ட வேண்டும். முப்பது நாளும் ஒரே சத்தமாக இருந்தால் ஊர்க்காரரே கதவைச் சாத்திக்கொள்வார்.

இன்னொரு நியாயம் பிறைக் கணக்கில் இருக்கிறது. ஹிஜ்ரி ஆண்டு ஆங்கில ஆண்டைவிடச் சுமார் பதினொரு நாள் குறைவு என்பதால் சந்தனக்கூடு ஆண்டுதோறும் முன்னால் நகர்ந்து, ஏறக்குறைய 33 ஆண்டில் எல்லாப் பருவத்தையும் சுற்றிவருகிறது. ஒரு காலத்தில் பரீட்சையோடு மோதிய விழா, பின்னொரு காலத்தில் விடுமுறையில் வரும். ‘வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட்’ விளையாட்டின் குளிர்காலத் திருவிழாவோ எந்த ஆண்டும் டிசம்பர் நடுவில் தொடங்கி ஜனவரி முதல் நாட்களோடு முடிகிறது. டிசம்பரில் ஓய்வே இல்லாத கடை ஊழியருக்கு அது எந்த ஆண்டும் கிடைக்காது.

என்னைக் கேட்டால் விளையாட்டு நிறுவனங்களுக்கு ஏர்வாடியைத்தான் காட்டுவேன். வாசல் ஒரு மாதம் திறந்திருக்கட்டும், உச்சம் ஓர் இரவாகட்டும், அந்த இரவு ஆண்டுக்கு ஆண்டு நகரட்டும். கச்சத்தீவுக்கு இந்த யோசனை செல்லாது. அங்கே குடிக்கிற தண்ணீரையும் படகில்தான் கொண்டுபோக வேண்டும்.