தூக்கிக் கொடுத்தவர்கள்

புதுச்சேரியைச் சேர்ந்த எங்கள் கரிக்கலாம்பாக்கத்தில் யாராவது வீடு மாற நாள் குறித்துவிட்டால் முதலில் வைக்கோலுக்குத்தான் சொல்லி வைப்பார்கள். வண்டி எப்படியும் கிடைத்துவிடும். என் தாத்தாவிடமே ஒரு கட்டை வண்டி இருந்தது. அப்பா தன் காலத்தில் அதை விற்று டயர் வண்டி வாங்கினார். ஆனால் நல்ல நீள வைக்கோல், மக்காதது, தை மாசி அறுப்பு முடிந்த கையோடு வாங்கிப் போட்டால்தான் உண்டு. வண்டித் தட்டில் முழங்கால் உயரத்துக்கு அதைப் பரப்புவார்கள். மீதியைப் பிரியாக முறுக்கிப் பானைக்கும் பானைக்கும் நடுவில் சுற்றுவார்கள். அரிக்கேன் விளக்கின் சிம்னி மட்டும் தவிட்டு மூட்டைக்குள் போகும். ஊறுகாய் ஜாடியை வண்டியில் ஏற்ற ஆயா ஒருநாளும் சம்மதித்ததில்லை. வாயைத் துணியால் கட்டி, மடியில் வைத்துக்கொண்டு வண்டியிலேயே உட்கார்ந்து வருவாள்.

ஆட்டுக்கல்லை ஏற்றுவதைப் பார்த்தவர்களுக்குத்தான் அது எப்பேர்ப்பட்ட வேலை என்று தெரியும். வண்டியின் பின்பக்கம் இரண்டு பலகையைச் சாய்த்துப் போட்டு, கல்லின் இடுப்பில் கயிறு கட்டி, மேலே இரண்டு பேர் இழுக்க, கீழே இரண்டு பேர் தோள் கொடுப்பார்கள். கல் பலகையில் பாதி தூரம் போனதும் யாரும் பேச மாட்டார்கள். தாத்தாவின் குரல் மட்டும் கேட்கும்: “உருட்டாதடா, சாச்சி நடத்து.” தட்டுக்கு வந்த கல்லை அச்சுக்கு ஒரு சாண் முன்னே தள்ளி உட்கார வைக்க வேண்டும். அதற்கும் முன்னே போனால் பாரம் முழுவதும் மாட்டின் கழுத்தில் இறங்கும். பின்னே போனால் நுகத்தடி மேலே எழும்பி, பூட்டாங்கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். கல் நின்ற இடத்தைப் பொறுத்துத்தான் மற்ற சாமான். அம்மி அதன் பக்கத்தில், உரல் எதிர்ப்பக்கம், அண்டா குண்டான் மேலே, பாய் தலையணை எல்லாவற்றுக்கும் மேலே. குழவியைத் துணியில் சுற்றிப் பிள்ளையைப் போல ஒரு பெண் இடுப்பில் வைத்துக்கொண்டு வருவாள். நெல் போட்டு வைத்த மண் குதிரை மட்டும் யாராலும் நகர்த்த முடியாது. அது பழைய வீட்டோடு போயிற்று. புது வீட்டில் புதிதாக வனைந்துகொள்ள வேண்டும்.

ஆடியிலும் மார்கழியிலும் யாரும் வீடு மாற மாட்டார்கள். மற்ற மாதங்களிலும் சூலம் பார்க்க வேண்டும். எங்களூருக்கு வில்லியனூர் வடக்கே, பாகூர் தெற்கே. அதனால் செவ்வாய், புதனில் வில்லியனூர்ப் பக்கம் சாமான் ஏற்ற மாட்டார்கள். வியாழனில் பாகூர்ப் பக்கம் ஏற்ற மாட்டார்கள். புது வீட்டு வாசலுக்குள் முதலில் நுழைவது நிறைகுடம், உப்பு, மஞ்சள், விளக்கு. பால் பொங்கிய பிறகுதான் வண்டிக் கயிற்றை அவிழ்ப்பார்கள்.

அந்த உப்புக்கு எங்கள் மண்ணில் ஒரு தனிக் கதை உண்டு. 1815ஆம் ஆண்டு இங்கிலாந்தும் பிரான்சும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி, பிரெஞ்சுப் பகுதிகளில் விளையும் உப்பை மொத்தமாக வாங்கும் உரிமை ஆங்கிலேயர் கைக்குப் போனது. அதற்கு ஈடாக ஆண்டுக்கு 4 லட்சம் சிக்கா ரூபாய் பிரெஞ்சு அரசுக்குக் கிடைத்தது. கடற்கரை கூப்பிடு தூரத்தில் இருக்க, கைப்பிடி உப்பைக்கூட லண்டனில் போட்ட கையெழுத்து ஆண்ட ஊர் இது. புது வீட்டுக்குள் முதலில் உப்பை எடுத்துவைத்த எங்கள் பெண்களுக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை. எனக்கு அந்தக் கைப்பிடி உப்பைப் பார்க்கும்போதெல்லாம் இது நினைவுக்கு வரும்.

தூக்க வருகிறவர்களுக்குக் கூலி கிடையாது. சாமான் ஏற்றுவதற்கு முந்தின நாள் வீட்டுத் தலைவர் தெருவில் நாலு வீட்டுக்குப் போய், “நாளைக்குக் காலையில கொஞ்சம் கை கொடுக்கணும் மாமா” என்று சொல்லிவிட்டு வருவார். மறுநாள் விடியலில் ஆட்கள் வந்து நிற்பார்கள். அவர்கள் வீட்டில் கூரை மாற்றும்போது, களம் அடிக்கும்போது, கல்யாணப் பந்தலுக்குக் கால் நடும்போது இவர் போயாக வேண்டும். போகாதவன் பெயர் ஊரில் கெட்டுவிடும். கணக்கு நோட்டில் ஏறாத இந்தக் கடனை எங்களூர்க்காரர்கள் மொய்ப் பணத்தைப் போலவே மறக்காமல் நினைவில் வைத்திருந்தார்கள்.

வீட்டுப் பெண்களுக்கு அன்று இரட்டை வேலை. தூக்க வந்த அத்தனை பேருக்கும் சோறு ஆக்க வேண்டும். ஆனால் அடுப்பையும் பாத்திரத்தையும் மூட்டை கட்டியாகிவிட்டது! பக்கத்து வீட்டு அடுப்பில் இரவல் பானையில் உலை வைப்பார்கள். என் அம்மா சொல்லுவாள்: வீடு மாறுவதில் கல் தூக்குவதைவிடக் கஷ்டம் அன்றைக்குச் சோறு போடுவதுதான் என்று. அம்மா சொன்னதைப் பிறகு நானும் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

எல்லோரும் இப்படி விருப்பத்தோடு வரவில்லை என்பதையும் எழுதியாக வேண்டும். பண்ணைக்காரர் வீடு மாறினால் தூக்கியது படியாட்கள். அவர்களிடம் போய் யாரும் மாமா என்று கேட்கவில்லை. ஆள் விட்டு வரச் சொன்னார்கள். சேரியிலிருந்து வந்தவர்கள் நெல் மூட்டையையும் மரச் சாமானையும் பத்தாயத்தையும் தெருவரை, மிஞ்சினால் திண்ணைவரை சுமந்தார்கள். அதற்கு உள்ளே தூக்கிப் போனது வேறு சாதிக்காரர்கள். ஒரு பத்தாயத்தின் எடை திண்ணைக்கு இந்தப் பக்கம் ஒருவருக்கும் அந்தப் பக்கம் இன்னொருவருக்கும் என்று பிரிந்தது. “அந்தக் காலத்தில் ஊரே கூடி உதவியது” என்று சொல்லும் என் வயதுக்காரர்கள் இந்தத் திண்ணையைத் தாண்டித்தான் பேச வேண்டும்.

படியாள் வீடு மாறினால் அது வேறு மாதிரி. குடிசை இருந்த இடம் பண்ணைக்காரருடையது. மனஸ்தாபம் வந்தால் “மனையைக் காலி பண்ணு” என்ற ஒரு வார்த்தை போதும். குடும்பத்தோடு கூரையைப் பிரித்து, மூங்கில் கழிகளையும் நடுக்காலையும் படல் கதவையும் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு அடுத்த ஊருக்கு நடப்பார்கள். வீட்டிலிருந்த சாமான் மட்டுமல்லாமல் வீடும் சேர்ந்தே தலையில் போனது. குடியிருக்கும் மனையைக் குடியிருப்பவருக்கே சொந்தமாக்கும் சட்டம் தமிழ்நாட்டில் 1971இல் வந்தது. பின்னர் அதே நோக்கில் புதுச்சேரியிலும் சட்டம் வந்தது. நான் மதிக்கும் சட்டங்களில் இது ஒன்று. ஒரு குடும்பம் வெயிலில் கூரையைச் சுமந்து போவதை அது நிறுத்தியது.

எல்லைக் கதைக்கு வருகிறேன். புதுச்சேரியின் வரைபடத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். துண்டு துண்டாகக் கிடக்கும். ஒரு கிராமம் பிரெஞ்சுக்காரருடையது, அடுத்தது ஆங்கிலேயருடையது, அதற்கடுத்தது மறுபடி பிரெஞ்சுக்காரருடையது. வில்லியனூரிலிருந்து திருபுவனைக்குப் போகிற வழியில் கண்டமங்கலம் இன்றைக்கும் தமிழ்நாடுதான். கொள்வினை கொடுப்பினை எதுவும் எல்லையைப் பார்க்கவில்லை. என் ஆயா தூக்கணாம்பாக்கத்துப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். அது ஆங்கிலேயர் சீமை.

1941இல் பிரெஞ்சிந்தியாவும் பிரிட்டிஷ் இந்தியாவும் சுங்க உடன்பாடு செய்துகொண்டன. 1949இல் சுதந்திர இந்தியா அதை முடித்துக்கொண்டது. அதற்குப் பிறகு எங்கள் கிராமங்களைச் சுற்றிச் சோதனைச் சாவடிகள் பெருகின. துறைமுகத்தில் தீர்வையில்லாமல் இறங்கிய வெளிநாட்டுச் சரக்கு உள்ளே புகுந்துவிடும் என்பது இந்திய அதிகாரிகளின் கவலை. அந்தக் கவலையில் நியாயமும் இருந்தது. ஆனால் அகப்பட்டவர்கள் வீடு மாறியவர்கள். ஆயாவின் தம்பி குடும்பம் எங்களூரில் கொஞ்ச காலம் பிழைத்துவிட்டு அந்த வருஷங்களில்தான் சொந்த ஊருக்குத் திரும்பியது. பாரம் ஏற்றின வண்டியைச் சாவடியில் நிறுத்தி, தாத்தா பார்த்துப் பார்த்துக் கட்டிய கட்டுகளையெல்லாம் அவிழ்க்கச் சொன்னார்களாம். பித்தளை எத்தனை, புடவை எத்தனை, புதுசா பழசா என்று கேள்வி. விற்கக் கொண்டுபோகிற சரக்கு என்று நினைத்துவிடுவார்கள் என்று பெண்கள் முதல் நாளே புதுப் புடவைகளை நனைத்துக் கசக்கி, ஒருமுறை உடுத்தி வைத்திருந்தார்கள். வெயிலில் மாடு நுரை தள்ள, பிரித்த சாமானை மறுபடி அடுக்கினார்கள். ஆட்டுக்கல்லை மட்டும் யாரும் இறக்கச் சொல்லவில்லை என்று ஆயா நிம்மதியோடு சொல்லுவாள்.

1954 மார்ச் 31இல் நெட்டப்பாக்கம் விடுதலையை அறிவித்தது. அக்டோபர் 18இல் எங்களுக்குப் பக்கத்திலிருக்கும் கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்தார்கள். இந்தியாவோடு சேர 170 பேர், எதிராக 8 பேர். நவம்பர் 1ஆம் தேதி ஆட்சி கைமாறியது. இதை விடுதலைப் போராட்ட வரலாறாகப் பள்ளியில் படிக்கிறோம், படிக்கத்தான் வேண்டும். ஆயாவைப் பொறுத்தவரை அன்றிலிருந்து தாய்வீட்டுக்குப் போகும் மூட்டையை வழியில் யாரும் பிரிக்கவில்லை.

எங்கள் பக்கத்து ஆட்கள் நிறையப் பேர் முதலியார்பேட்டை ஆலைகளுக்கு வேலைக்குப் போனார்கள். 1936 ஜூலை 30இல் சுடப்பட்டு 12 தொழிலாளர்கள் செத்த ஆலைகள் அவை. குடும்பத்தோடு அங்கே குடிபோனவர்கள் பெரிய சாமான் எதையும் கொண்டுபோகவில்லை. ஒண்டுக்குடித்தனத்தில் ஆட்டுக்கல்லுக்கு ஏது இடம்? கல்லும் குதிரும் ஊரில் அண்ணன் வீட்டில் கிடக்கும். அறுவடைக்கும் தீபாவளிக்கும் வந்து பார்த்துவிட்டுப் போவார்கள்.

நான் அரசு மருத்துவமனைச் செவிலியாக இருந்து ஓய்வு பெற்றவள். பிரெஞ்சுக்காரர் விட்டுப்போன வரைபடம் என் பிழைப்பிலும் குறுக்கிட்டது. புதுச்சேரி அரசு வேலை என்றால் மாற்றல் காரைக்காலுக்கு வரலாம், ஏறத்தாழ 150 கிலோமீட்டர். கேரளக் கரையிலுள்ள மாஹேக்கு வரலாம், 650 கிலோமீட்டர். ஆந்திரத்தில் கோதாவரிக் கரையிலுள்ள ஏனாமுக்கு வந்தால் 840. ஒரே அரசு, நடுவில் மூன்று மாநிலங்கள். அங்கெல்லாம் கை கொடுக்க எந்த மாமா வருவார்? இரும்புப் பெட்டி, படுக்கைச் சுருள், பம்பு ஸ்டவ், குக்கர், ஒரு சாமி படம் என்று குடித்தனத்தைச் சுருக்கிக்கொண்டோம். போவதற்கு முன்னால் ரேஷன் கார்டில் பெயர் நீக்கிச் சான்று வாங்க வேண்டும், கேஸ் சிலிண்டரைத் திருப்பிக் கொடுத்து ரசீது வாங்க வேண்டும், பிள்ளைக்கு டி.சி. வாங்க வேண்டும். மாஹேயில் நான் போய் இறங்கியபோது மழை கொட்டியது. பேச்சு புரியாத எதிர்வீட்டுச் சேச்சி தானே வந்து பெட்டியின் ஒரு காதைப் பிடித்தாள். ஊரில் இருந்த கடன் முறையில் அவளுக்கு நான் என்ன திருப்பிச் செய்ய முடியும் என்று வெகுநாள் யோசித்தேன். அவள் மகளின் பிரசவத்துக்கு இராத்திரி முழுக்க உடன் இருந்தேன்.

ஊரில் இதற்குள் மாட்டு வண்டி போய் டிராக்டர் டிரெய்லர் வந்தது, பிறகு டெம்போ, 2005இல் டாடா ஏஸ். அதற்குக் குட்டி யானை என்று பெயர் வைத்து எங்கள் சந்துகளுக்குள்ளும் ஓட்டிவந்துவிட்டார்கள். வண்டிப் பஞ்சம் தீர்ந்தது, ஆள் பஞ்சம் தொடங்கியது. பையன்கள் சேதராப்பட்டு, திருபுவனைப் பக்கத்துக் கம்பெனிகளில் ஷிப்டில் நிற்கிறார்கள். வீடு மாற ஞாயிற்றுக்கிழமையை விட்டால் வழியில்லை. ஞாயிறு மேற்கே சூலம் என்பதை யாரும் பார்ப்பதில்லை. பேக் பண்ணி ஏற்றி இறக்கித் தரும் கம்பெனி நகரத்தில் உண்டு. அவர்கள் சொல்லும் தொகை எங்கள் பக்கத்துக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகாது. ஆகவே பிரிட்ஜ், வாஷிங் மெஷின், பீரோ எல்லாவற்றையும் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் டிரைவரும் சேர்ந்து இறக்குகிறார்கள். மருத்துவமனையில் இடுப்புப் பிடித்துக்கொண்டு வந்தவர்களில் முந்தின நாள் வீடு மாறினவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பீரோவை முழங்காலை மடக்கித் தூக்க வேண்டும், குனிந்து தூக்கினால் முதுகு போகும். தாத்தா காலத்து ஆட்கள் இதைச் சொல்லிக்கொடுக்காமலே கற்றிருந்தார்கள், கூட்டத்தில் ஒருவனைப் பார்த்து ஒருவன்.

பழைய முறை முற்றிலும் செத்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். 2011 டிசம்பர் 30இல் தானே புயல் கூரைகளைப் பிய்த்து எறிந்த பிறகு, ஒரு வீட்டுச் சாமானை இன்னொரு வீட்டில் அடைத்துத்தான் ஊர் பிழைத்தது. 2024இல் ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரை கடந்து, ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அடுத்து சாத்தனூர் அணைத் தண்ணீரும் சேர்ந்து தென்பெண்ணை பெருகி, சோரியாங்குப்பம், குருவிநத்தம் பக்கமெல்லாம் வெள்ளம் புகுந்தது. அப்போது நாளும் சூலமும் பார்க்க யாருக்கும் நேரமில்லை. தெருப் பையன்கள் இடுப்பளவு தண்ணீரில் டிவியையும் அரிசி மூட்டையையும் கிழவிகளையும் மாடிக்குத் தூக்கினார்கள். யார் வீடு என்று கேட்கவில்லை.

போன வருஷம் என் மகள் இதே ஊரில் வேறு தெருவுக்குக் குடிபோனாள். இரண்டு பையன்களைக் கூலிக்குப் பேசினேன். ஏத்துக்கூலி தனி, எறக்குக்கூலி தனி, மாடி என்றால் அதற்கு மேலே. பேரம் பேசவில்லை, முதுகுக்கு விலை பேசுவது எனக்குப் பிடிக்காது. காலனியிலிருந்து வந்தவர்கள். அவர்களுடைய தாத்தாக்கள் பத்தாயத்தைத் திண்ணையில் வைத்துவிட்டுத் திரும்பிப் போனவர்கள். பையன்கள் கிரைண்டரைத் தூக்கிக்கொண்டு நேரே சமையலறைக்குள் போய், “எங்கக்கா வைக்கணும், ஜன்னலோரமா?” என்று என் மகளைக் கேட்டார்கள். மத்தியானம் எல்லோரும் கூடத்தில் ஒரே பாயில் உட்கார்ந்து சாப்பிட்டோம். சோறு அன்றைக்கும் பக்கத்து வீட்டு அடுப்பில்தான் வெந்தது.